கறுப்பை ஊதாவாக்கிய கேமரா

2006 செப்டம்பரில் ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் எம்8 என்ற கேமராவை வெளியிட்டது. 1954 முதல் ஃபிலிமிலேயே ஓடிக்கொண்டிருந்த 'எம்' வரிசையில் அதுதான் முதல் டிஜிட்டல் கேமரா. அமெரிக்காவில் அதன் விலை 5,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. சில வாரங்களிலேயே வாங்கியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கறுப்புக் கோட்டு போட்டவரைப் படம் எடுத்தால் கோட்டு கத்தரிப்பூக் கலரில் வருகிறது. பக்கத்தில் நிற்பவரின் கோட்டு வேறு துணி என்றால், அது மட்டும் ஒழுங்காகக் கறுப்பாகவே இருக்கிறது. செடிகொடிகளின் பச்சையும் மஞ்சள் பக்கம் சாய்கிறது.

அன்றைக்கு அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு யாராவது ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்குள் போயிருந்தால் பாடு திண்டாட்டமாகியிருக்கும். செயற்கை இழை கலந்த கறுப்பு ஷெர்வானி, கறுப்பு புர்கா, கடை வாசலில் தொங்கும் குண்டு பல்பு என எம்8-ஐத் தடுமாறவைக்கும் எல்லாமே சார்மினாரைச் சுற்றி ஒரே தெருவில் கிடைத்திருக்கும்.

கேமரா பழுதாகியிருக்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். மனிதக் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் பார்க்கும். சென்சார் செய்யப்படும் சிலிக்கானோ 1,000 நானோமீட்டர் வரைக்கும் உணரும். அந்த மிச்சம்தான் அகச்சிவப்பு. நமக்குக் கன்னங்கரேலென்று தெரியும் பல செயற்கைத் துணிகள் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகின்றன. குண்டு பல்பின் ஒளியிலோ அகச்சிவப்புதான் அதிகம். இதைத் தடுக்கவே ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராக்களிலும் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி உண்டு. எம்8-இல் அந்தக் கண்ணாடியின் தடிமன் வெறும் 0.5 மில்லிமீட்டர். உள்ளே புகுந்த அகச்சிவப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகைப் பிக்சல்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். ஆனால் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காகக் கேமரா தன் கணக்கில் சிவப்பையும் நீலத்தையும் பச்சையைவிடக் கூடுதலாகப் பெருக்கும். அந்தப் பெருக்கலில் அகச்சிவப்பும் சேர்ந்து பெருகிவிடுகிறது. சிவப்பும் நீலமும் கூடினால் கிடைப்பது கத்தரிப்பூக் கலர்.

லைக்கா தவறை ஒப்புக்கொண்டு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ள இரண்டு வடிகட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. டிஜிட்டல் கேமரா நிறத்தை 'பிடிப்பதில்லை' என்பது அந்தச் சங்கடத்தில் பலருக்கும் புரிந்தது. சென்சார் ஒளியை அளந்து எண்களாகத் தருகிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை அதன் பிறகு யாரோ முடிவு செய்கிறார்கள்.

செகந்திராபாத் ஸ்டூடியோவில்

நிறத்தை இப்படி யாரோ முடிவு செய்வது டிஜிட்டலோடு வந்ததில்லை. ஹைதராபாத்துக்கு அது நூற்றுமுப்பது வருடப் பழக்கம்.

மீரட் அருகே சர்தனாவில் 1844-இல் பிறந்த லாலா தீன் தயாள் ரூர்க்கியில் பொறியியல் படித்தவர். இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தபடியே படம் எடுக்கப் பழகினார். 1880-களில் ஹைதராபாத் பக்கம் வந்து செகந்திராபாத்தில் ஸ்டூடியோ போட்டார். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரராகி, 'ராஜா' பட்டமும் பெற்றார். 1892-இல் பெண்களைப் படம் எடுப்பதற்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றையும் ஹைதராபாத்தில் திறந்தார். கோஷா முறை கடுமையாக இருந்த காலம் என்பதால் அதை நடத்தும் பொறுப்பு ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் இருந்தது. தீன் தயாளின் கண்ணாடி நெகட்டிவ்களில் 2,857 இப்போது டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

அன்றைய சாதாரணக் கண்ணாடித் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும் புற ஊதாவும்தான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். அதனால் நீல வானம் வெள்ளைத் தாளாக வெளுத்துவிடும். சிவப்புப் பட்டு கரியாகிவிடும். நம்மவர்களின் தோலிலிருந்து திரும்பும் ஒளியில் சிவப்பே அதிகம் என்பதால் முகங்கள் நேரில் இருப்பதைவிடக் கறுத்து விழும். நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்வதும், பிரிண்டின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டுவதும் அந்தக் காலத்து ஸ்டூடியோ வேலையில் பாதி. எல்லா நிறங்களையும் உணரும் 'பான்குரோமாடிக்' தகடுகளை இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1906-இல். தீன் தயாள் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார்.

கலர் ஃபிலிம் வந்தபோது அந்த முடிவு ஃபிலிம் கம்பெனியின் கைக்குப் போனது. ஜெய்ப்பூரில் 1942-இல் பிறந்த ரகுபீர் சிங், இந்தியாவைக் கலரில்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். தமிழ்நாட்டைப் பற்றியும் தனியாக ஒரு படப்புத்தகம் போட்டவர். அவருடைய படங்களின் அழுத்தமான சிவப்புக்கும் ஆழமான நிழலுக்கும் பின்னால் அவர் கண் இருந்தது, கோடக்கின் கோடாக்குரோம் ரோலும் இருந்தது. 1935-இல் வந்த அந்த ஃபிலிமை 2009-இல் கோடக் நிறுத்தியது. அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், 2010 டிசம்பர் இறுதியோடு புது ரோல்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஃபிலிம் காலத்தில் கலர் பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை வேறு ரோல் போட்டுக்கொள்ளலாம். டிஜிட்டலில் சென்சார் கேமராவோடு வருகிறது, கேமராவோடுதான் போகும்.

இரண்டு ஜன்னல், ஒரு கண்

எம்8 ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதன் வடிகட்டி அவ்வளவு மெலிந்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இந்த வகைக் கேமராவில் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை. மேலே மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் மட்டும் காட்சி இரண்டு இரண்டாகத் தெரியும். ஒன்று அந்த ஜன்னல் தருவது, இன்னொன்று சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாவது ஜன்னலிலிருந்து வருவது. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கும். ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் ஃபோகஸ் சரி. ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஹென்றி கார்த்தியே-பிரஸோன் 1947-48-இல் இந்தியா முழுக்கச் சுற்றியது இந்த வகை லைக்காவோடுதான்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் துள்ளும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் நிக்கானில் லென்ஸ் பொருந்தும் வளையம் ஃபிலிமிலிருந்து 46.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. லைக்கா எம் வரிசையில் இந்தத் தூரம் 27.8 மில்லிமீட்டர்தான். அதனால்தான் கேமரா ஒல்லி, லென்ஸும் சின்னது. ஃபிலிம் இருந்தவரை இது வரப்பிரசாதம். டிஜிட்டலில் அதுவே தலைவலியானது.

அகலக் கோண லென்ஸின் பின்பகுதி சென்சாருக்கு மிக அருகில் வந்து நிற்கும். படத்தின் ஓரங்களுக்கு ஒளி அங்கிருந்து வெகுவாகச் சாய்ந்து போக வேண்டியிருக்கிறது. ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது. சென்சாரின் பிக்சலோ கிணறு மாதிரி. உச்சி வெயில் தண்ணீர்வரை இறங்கும், சாயங்கால வெயில் உள்சுவரோடு நின்றுவிடும். அதனால் ஓரங்கள் இருண்டன. போதாக்குறைக்குச் சாய்ந்த ஒளி ஒரு பிக்சலின் வடிகட்டிக்குள் நுழைந்து பக்கத்துப் பிக்சலில் விழுந்தது. படத்தின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் சாயம் பூசிக்கொண்டு வந்தது.

இதைச் சமாளிக்க எம்8-இன் சென்சாரைச் செய்த கோடக், ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் உள்ள நுண்லென்ஸை ஓரம் போகப் போக நடுப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்தது. சாய்ந்த ஒளி தடித்த கண்ணாடி வழியாகப் போனால் ஓரங்களின் கூர்மை கெடும் என்பதால் வடிகட்டியையும் மெல்லியதாக்கினார்கள். கூர்மைக்காகக் கொடுத்த விலைதான் அந்தக் கத்தரிப்பூக் கோட்டு.

எம்8-க்கு இரண்டு வருடம் முன்னதாகவே, 2004-இல், ஜப்பானின் எப்சன் நிறுவனம் ஆர்-டி1 என்ற கேமராவைக் கொண்டுவந்திருந்தது. உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான். ஆறு மெகாபிக்சல். சென்சார் சின்னது என்பதால் ஓரத்துச் சிக்கல் கொஞ்சம் தணிந்தது. ஃபிலிமே இல்லாத அந்தக் கேமராவிலும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லீவரை இழுத்து ஷட்டரைத் தயார் செய்ய வேண்டும்!

மூன்றில் இரண்டு பங்கு ஊகம்

சென்சாரின் பிக்சல் நிறக்குருடு. வந்த ஒளி எவ்வளவு என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1976-இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் ஒரு சாய வடிகட்டி வைப்பது, நான்கு பிக்சல்களில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். வெளிச்ச வேறுபாட்டை நம் கண் பச்சைப் பகுதியில்தான் நுட்பமாக உணரும், அதனால்தான் பச்சைக்கு இரட்டைப் பங்கு. இன்று செல்போன் முதல் சினிமா கேமரா வரை பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த அமைப்போ இதன் உறவினரோதான்.

2022 ஜனவரியில் வந்த லைக்கா எம்11-ஐ எடுத்துக்கொள்வோம். 60 மெகாபிக்சல், அதாவது 6 கோடிப் பிக்சல். 3 கோடி பச்சையை அளக்கின்றன, சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா 1.5 கோடி. ஆனால் இறுதிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறமும் வேண்டும். இல்லாத இரண்டை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். படத்தில் உள்ள நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை இல்லை, ஊகித்தவை.

ஊகம் எங்கே தவறும் என்று பார்க்க ஹைதராபாத்துக்குப் பக்கத்திலுள்ள போச்சம்பள்ளியின் பட்டுச் சேலை ஒன்று போதும். பாவும் ஊடுமாக நெசவு சீராக ஓடும். குறிப்பிட்ட ஒரு தூரத்திலிருந்து எடுத்தால் நெசவின் இடைவெளியும் பிக்சலின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது சேலையில் இல்லவே இல்லாத வானவில் கோடுகள் படத்தில் நெளியும். கேமராக்காரர்கள் இதை 'மோரே' என்பார்கள். இதைத் தவிர்க்கப் பல கம்பெனிகள் படத்தை மிக லேசாக மங்கவைக்கும் வடிகட்டி ஒன்றைச் சென்சார் முன்னால் வைப்பதுண்டு. கூர்மை போய்விடும் என்று லைக்கா எம் வரிசையில் அதை வைப்பதில்லை. பிக்சல் எண்ணிக்கை கூடக் கூட இந்தத் தொல்லை குறையும், முழுதாகப் போகாது.

ராணி கலர் சோதனை

கலருக்குப் பரீட்சை வைக்க லாட் பஜாரைவிட நல்ல இடம் கிடைக்காது. சார்மினாரிலிருந்து மேற்கே பிரியும் அந்தத் தெரு முழுக்க வளையல் கடைகள். அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி, சாயம் சேர்த்துப் பிசைந்து, வளையமாக்கி, சூடு ஆறும் முன் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கிறார்கள். ஹைதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தக் கடைகளில் ராணி கலர் என்று கேட்டால் எடுத்துக் காட்டும் வளையலைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அது சிவப்பும் கத்தரிப்பூவும் கலந்த பளீர் நிறம். மேலே கல், கல்லுக்கு இடையில் அரக்கின் வழவழப்பு, வளைவில் மெல்லிய நிழல். படத்திலோ ஒரே சப்பையான இளஞ்சிவப்புப் பட்டை. காரணம் இரண்டு. முதலாவது, கேமரா மொத்த வெளிச்சத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வைக்கும்போது சிவப்புப் பிக்சல்கள் மட்டும் நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பிய பிறகு எது மேடு, எது நிழல் என்று அவற்றால் சொல்ல முடியாது. இரண்டாவது, இணையத்திலும் பெரும்பாலான திரைகளிலும் புழங்கும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லை 1996-இல் அன்றைய மானிட்டர்களை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. சில அடர்ந்த நிறங்கள் அந்த எல்லைக்குள் அடங்காது. அடங்காததை மென்பொருள் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு நிறத்துக்கு இழுத்து வந்து உட்காரவைத்துவிடும். காஞ்சிபுரத்தின் எம்.எஸ். நீலப் பட்டுச் சேலையை ஆன்லைனில் பார்த்து வாங்கிவிட்டு, பார்சலைப் பிரித்ததும் 'இது அந்தக் கலரே இல்லையே' என்று திகைப்பவர்களுக்கும் பாதிக் காரணம் இதுதான்.

முதல் சிக்கலுக்கு மருந்து எளிது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும், சென்சார் தந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இருட்டில் புதைந்திருக்கும் விவரத்தைப் பிறகு தூக்கிவிட அவ்வளவு இடம் இருக்கிறது. வழிந்து போனதை மட்டும் திரும்ப அள்ள முடியாது.

வெளிச்சம் இன்னொரு கதை. நடுப்பகல் வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின், குண்டு பல்புக்கு 2,800, நிழலில் 7,000-க்கு மேல். லாட் பஜாரில் மாலை ஆறு மணிக்கு மூன்று விதமான ஒளி ஒரே வளையல் மேல் விழும். மேலே வானத்து நீலம், கடைக்குள் மஞ்சள் பல்பு, எதிர்க்கடையில் எல்.இ.டி. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்? கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான விடையே அங்கு கிடையாது. மலிவான எல்.இ.டி.யில் வேறொரு குறை உண்டு. அதன் ஒளியில் அடர் சிவப்பு குறைவு. வராத சிவப்பை எந்த ஒயிட் பேலன்ஸாலும் கொண்டுவர முடியாது.

சென்சாரா, சமையலா?

எம்8-க்குப் பிறகு 2009 செப்டம்பரில் எம்9 வந்தது. 18 மெகாபிக்சல், 35 மி.மீ. ஃபிலிமின் அதே அளவுச் சென்சார், 0.8 மி.மீ. கண்ணாடி. கறுப்புக் கோட்டு மறுபடி கறுப்பானது. அந்தக் கண்ணாடி சில வருடங்களில் அரித்துப்போய் வெளிறிய வானத்தில் புள்ளிகள் விழுந்தது தனிக் கதை. லைக்கா பல கேமராக்களுக்குச் சென்சாரையே மாற்றிக்கொடுத்தது. எம்9-இல் இருந்தது சி.சி.டி. சென்சார். 2012-இல் அறிவிக்கப்பட்ட அடுத்த மாடல் சிமாஸ் சென்சாருக்கு மாறியதும், 'அந்த எம்9 கலர் போச்சே' என்ற புலம்பல் எழுந்தது. இன்றும் பழைய எம்9-ஐத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு.

சி.சி.டி.யும் சரி, சிமாஸும் சரி, எலெக்ட்ரான்களை எண்ணுவதோடு சரி. நிறத்தைத் தீர்மானிப்பவை வேறு. பிக்சல் மேலுள்ள சாயம் எந்த அலைநீளத்தை எவ்வளவு விடுகிறது என்பது ஒன்று. அகச்சிவப்புக் கண்ணாடி எங்கே வெட்டுகிறது என்பது இன்னொன்று. சென்சாரின் எண்களை நிறமாக மாற்றும் கணக்குப் பட்டியல் மூன்றாவது. லைக்கா பயன்படுத்தும் டி.என்.ஜி. என்ற ரா வடிவத்தில் இந்தப் பட்டியல் கோப்புக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் குண்டு பல்பு ஒளிக்கு ஒன்று, பகல் ஒளிக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள். நடுவில் உள்ள ஒளிக்கு மென்பொருள் இரண்டையும் கலந்துகொள்ளும். பட்டியலை மாற்றினால் அதே கேமராவின் அதே படம் வேறு ஆளாகிவிடும்.

அந்தப் பட்டியலை யார், எதைப் பார்த்துத் தயாரிக்கிறார்கள் என்பது முக்கியம். ஃபிலிம் காலத்தில் கோடக் லேபுகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அவர்கள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. இப்போது பெரும்பாலும் 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டையை வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் வெளிர் தோல், கருந்தோல் இரண்டுக்கும் ஒரு கட்டம் உண்டு. மாநிறத்தின் அத்தனை படிகளும் அந்த இரண்டுக்கு நடுவில்தான். கல்யாண ஆல்பம் செய்பவர்கள் அந்த அட்டையை மண்டபத்து விளக்கிலேயே ஒரு முறை படம் எடுத்து, அந்த ஒளிக்கென்று சொந்தமாக ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளலாம். சில நிமிட வேலைதான்.

ஹைதராபாத் சினிமாக்காரர்களுக்கு இதெல்லாம் தினசரி வேலை. 'பாகுபலி', 'ஆர்.ஆர்.ஆர்.' படங்களின் ஒளிப்பதிவாளர் கே.கே. செந்தில்குமார் போன்றவர்கள் கேமராவிலிருந்து எடுக்கும் காட்சி, முதலில் சாம்பல் பூத்த மாதிரி வெளிறித்தான் இருக்கும். விவரம் எதுவும் வழிந்துவிடாமல் பதிவு செய்யும் முறை அது. நாம் தியேட்டரில் பார்க்கும் தங்க மஞ்சளும் இரவின் நீலமும் டி.ஐ. எனப்படும் நிறத்திருத்த அறையில் கலரிஸ்ட் உட்கார்ந்து கொண்டுவருபவை. ரா கோப்பை லைட்ரூம் மென்பொருளில் திறப்பவர் சின்ன அளவில் அதே வேலையைத்தான் செய்கிறார்.

எம்11 வந்தபோது ஓரத்துச் சிக்கலும் பெரும்பாலும் தணிந்துவிட்டது. இதன் சென்சாரில் மின்கம்பிகளெல்லாம் ஒளியை உணரும் பகுதிக்குப் பின்னால் போய்விட்டன. சாய்ந்து வரும் ஒளிக்கும் வழி கிடைத்தது. மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. லென்ஸின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு குறிகள் இருக்கும். கேமரா அவற்றைப் படித்து எந்த லென்ஸ் என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய ஓரச் சாயத்தைக் கழித்துவிடும்.

நிறமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. 2012-இல் வந்த 'மோனோகுரோம்' கேமராவில் பேயரின் சாய வடிகட்டியே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் முழு ஒளியையும் அளக்கும், ஊகத்துக்கு வேலை இல்லை. இருட்டில் படம் சுத்தமாக வரும். பதிலுக்கு ஒரு வசதி போய்விடுகிறது. சிவப்பை வெளுப்பாக்கவோ பச்சையைக் கறுப்பாக்கவோ பிறகு கம்ப்யூட்டரில் முடியாது. எடுக்கும்போதே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று லென்ஸ் முன்னால் கண்ணாடி மாட்ட வேண்டும், ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் போட்டு எடுத்தவர்கள் செய்ததைப் போலவே.

2023 அக்டோபரில் லைக்கா எம்11-பி என்ற மாடலை வெளியிட்டது. எடுத்த கணமே படத்துக்குள் டிஜிட்டல் கையெழுத்து ஒன்றைப் பதிக்கும் கேமரா இது. இந்த முறையை ஏற்றுக்கொள்ளும் மென்பொருளில் திறந்து நிறத்தைத் திருத்தினால், திருத்தம் நடந்தது என்பதும் கோப்போடு சேர்ந்துவிடும். பொய்ப் படங்களைப் பற்றிய கவலையில் செய்தி நிறுவனங்கள் இதை ஆர்வமாகப் பார்க்கின்றன. ஆனால் வளையலின் ராணி கலர் சரியாக வந்திருக்கிறதா என்று அந்தக் கையெழுத்து சொல்லாது. விளம்பரத்துக்குப் பொருள்களைப் படம் எடுப்பவர்கள் அதற்குப் பழைய வழியையே நம்புகிறார்கள். மானிட்டரைக் காலிபரேட் செய்து, பகல் ஒளி தரும் விளக்கின் கீழ் வளையலைப் பக்கத்திலேயே வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்துக் கலரை நகர்த்துகிறார்கள்.